பல் விழும் கனவும் என் மகளின் மூடிய கதவும்

மகளின் பல்கலைக்கழக முதல் வருடப் புள்ளிகள் வந்த அன்று மழை பெய்துகொண்டிருந்தது. ஆரணி தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். அந்தக் கோடை முழுவதும் அந்தக் கதவு சாத்தியே கிடந்தது.

அம்பாள் அடியார்களே, நான் அதிகம் படித்தவள் இல்லை. ஊரில் சண்டையால் இடம்பெயர்ந்ததோடு என் பள்ளிக்கூடம் முடிந்துபோனது. இந்தப் பனி நாட்டுக்கு வந்து, நாங்கள் இருக்கும் மல்வேர்னில் இருந்து பஸ் பிடித்து ஒரு பிஸ்கட் தொழிற்சாலைக்கு விடிய வேலைக்குப் போகிறவள். ஆரணி எங்களுக்கு ஒரே பிள்ளை. பள்ளிக்கூடத்தில் எப்போதும் முன்னுக்கு நின்றவள். பல்கலைக்கழகம் போய் முதல் வருடத்திலேயே இரசாயனத்தில் தவறிவிட்டாள். மற்றப் பாடங்களும் தட்டுத்தடுமாறித்தான் தேறியிருந்தன. எனக்கு அந்தப் புள்ளிகளின் கணக்கு விளங்காது. பிள்ளையின் முகம் விளங்கியது.

அவள் அழவில்லை. கோபிக்கவும் இல்லை. "அம்மா, நான் இனி அங்க போகேல்ல" என்று ஒரு நாள் சொன்னாள். நாளைக்குக் கடைக்குப் போகவில்லை என்று சொல்வதைப் போலச் சொன்னாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. வாசலில் வைத்த சோற்றுக் கோப்பை பாதி அப்படியே இருக்கும். அவளுடைய தகப்பன் பக்கத்து நகரமான பிறம்ரனில் லொறி ஓடுகிறவர். களைத்து வருவார், கதவைப் பார்ப்பார். "விடப்பா, தானா வெளிக்கிட்டு வருவாள்" என்பார். அவருக்கும் அதில் நம்பிக்கை இருக்கவில்லை.

அந்த நாட்களில்தான் எனக்குக் கனவு வரத் தொடங்கியது. வேலை முடிந்து பஸ்ஸில் யன்னலோரம் சாய்ந்தால் நித்திரையாகிவிடுவேன். வெயில் கண் இமைக்குள் மஞ்சளாக விழும். அதற்குள் என் பற்கள் ஒவ்வொன்றாகக் கழன்று கைக்குள் விழும். நோவு இல்லை. இரத்தம் இல்லை. மல்லிகை மொட்டுப் போல வெள்ளையாக இருக்கும். நான் அவற்றைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு தண்ணீர் ஓடும் ஒரு தெருவில் நடப்பேன். யாரிடமோ கொடுக்க வேண்டும். யாரிடம் என்று தெரியாது. அதற்குள் நான் இறங்கவேண்டிய பஸ் தரிப்பு வந்துவிடும்.

ஒரு நாள் தேநீர் நேரத்தில் இதை என்னோடு வேலை செய்யும் பாக்கியம் அக்காவிடம் சொன்னேன்.

"ஆற்ற பல்லு?"

"என்ர பல்லுத்தான் அக்கா."

"ரத்தம் வந்ததோ?"

"இல்லை."

"அப்ப பெரிசாப் பயமில்லை. எண்டாலும் பல்லு விழக் காணுறது வீட்டுக்குக் கூடாது எண்டு சொல்லுவினம். ஆரையும் கொண்டுபோகுமாம். உம்மட மனுசனை லொறியைக் கவனமா ஓடச் சொல்லும்." பிறகு பிஸ்கட்டைத் தேநீரில் தோய்த்தபடி, "எனக்குக் கனவே வாறேல்லயடியப்பா. படுத்தா மரக்கட்டைதான்" என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் மனம் லொறியிடம் போகவில்லை. சாத்திய கதவிடம் போனது. பிள்ளை தனக்கு ஏதும் செய்துவிடுவாளோ என்ற நினைப்பு அன்றைக்குத்தான் முழுதாக வந்தது. வந்தபின் போகவில்லை.

ஆடி மாதம் பிறந்தது. வெள்ளிக்கிழமைகளில் வேலை முடிந்து நேரே கோயிலுக்குப் போனேன். ஒரு நேரச் சாப்பாட்டோடு விரதம் இருந்தேன். முன்னெல்லாம் அம்பாளிடம் எத்தனையோ கேட்டிருக்கிறேன். விசாவுக்குக் கேட்டேன், வீட்டுக்குக் கேட்டேன். இந்தமுறை வாய் வரவில்லை. தீபம் காட்டும்போது அவளுடைய முகம் புகைக்குள் மிதந்து வருவதுபோல இருக்கும். நான் ஒன்றே ஒன்றுதான் சொன்னேன். "தாயே, படிப்பு வேண்டாம். பட்டம் வேண்டாம். பிள்ளையை மட்டும் எனக்கு விட்டுவிடு."

கடைசி ஆடி வெள்ளிக்குக் கோயிலில் கொடுத்த கூழைக் கொண்டுவந்து குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, சோபாவில் சாய்ந்தேன். அதே கனவு. அதே தண்ணீர் ஓடும் தெரு. இந்தமுறை முடிச்சு அவிழ்ந்து பற்களெல்லாம் தண்ணீரோடு போயின. நான் கத்திவிட்டேன் போல. கண் திறந்தால் ஆரணி எனக்கு முன்னால் நிலத்தில் இருக்கிறாள். அறையை விட்டு ஓடி வந்திருக்கிறாள்.

"என்னம்மா, என்ன கண்டனீங்கள்?"

கனவைச் சொன்னேன், அது என்ன குறி என்றும் சொன்னேன். பிறகு, அம்பாளைத் தவிர யாருக்கும் சொல்லாததையும் சொன்னேன். "உனக்கு ஏதும் நடந்திடுமோ எண்டு பயமாக் கிடக்கு பிள்ளை" என்றேன்.

அவள் என் மடியில் தலையை வைத்தாள். "நானும் பயந்துபோய்த்தான் இருந்தனான் அம்மா" என்றாள். இரண்டு பேரும் அழுதோம். வெளியே யாரோ புல் வெட்டிக்கொண்டிருந்த மணம் வந்தது.

கண்ணைத் துடைத்துவிட்டு, "வாயைத் திறவுங்கோ பாப்பம்" என்றாள். பார்த்தாள். "ஒண்டும் விழேல்ல. ஆனா எல்லாம் தட்டையாக் கிடக்கு. பல்லு டொக்டரிட்டக் காட்டவேணும். நானும் வாறன்." வீட்டை விட்டு வெளிக்கிட மாட்டேன் என்று இருந்த பிள்ளை தானாகவே அப்படிச் சொன்னாள்.

பல் வைத்தியர் ஒரு தமிழ்ப் பிள்ளை. என் பற்களைப் படம் எடுத்துத் திரையில் காட்டினார். "நித்திரையில பல்லை நெருமி நெருமித் தேய்ச்சிருக்கிறீங்கள் அன்ரி. அதாலதான் பல்லைப் பற்றியே கனவு வருது போல. அப்பிடி என்ன யோசனை?"

ஆரணி திரையைப் பார்த்தபடி நின்றாள். அவள் பார்த்தது என் பயத்தைத்தான். எனக்குள் ஒளித்து வைத்திருந்தது அங்கே வெளிச்சத்தில் தெரிந்தது. பிறகு அவள் ஆங்கிலத்தில் ஒரு கேள்வி கேட்டாள். அதன்பின் இன்னொன்று. வைத்தியர் செயற்கைத் தாடை ஒன்றை எடுத்துக் கையில் கொடுத்து விளக்கினார். எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. என் பிள்ளையின் பழைய குரலை மட்டும் கேட்டுக்கொண்டு வாய் திறந்தபடி கிடந்தேன். அந்தக் கதிரை என்னை மெதுவாக வானத்துக்குத் தூக்கிப் போவதுபோல இருந்தது.

அந்த வருடமே அவள் பல்கலைக்கழகத்துக்குத் திரும்பிப் போனாள். தவறிய பாடத்தை மறுபடி எடுத்தாள். பல் வைத்தியம் படிக்கப் போகிறேன் என்று சொன்னபோது தகப்பன் என்னைப் பார்த்தார். "உவள் பகிடி விடுறாளோ?" என்றார். எங்களுக்குத் தெரிந்தவர்களும், முதல் வருடம் இப்படி என்றால் விண்ணப்பிப்பதே வீண் என்றார்கள். அவள் தேடிப் பார்த்து, எல்லா வருடத்தையும் கூட்டிப் பார்க்காமல் நன்றாகச் செய்த இரண்டு வருடத்தைப் பார்க்கிற பல்கலைக்கழகமும் இருக்கிறது என்று கண்டுபிடித்தாள். இரண்டாம் வருடமும் மூன்றாம் வருடமும் அவள் படித்த படிப்பை அம்பாள் அறிவாள்.

அப்போது பல் வைத்தியப் படிப்புக்கான நுழைவுப் பரீட்சையில் சவர்க்காரக் கட்டியைச் செதுக்கிக் காட்டவும் வேண்டும். கை எவ்வளவு திருத்தம் என்று பார்ப்பார்களாம். குசினி மேசை முழுக்க வெள்ளைச் சீவல். வீடு முழுக்க வாசம். நான் அந்தச் சீவலை அள்ளித் தண்ணீரில் கரைத்து எங்கள் வேலை உடுப்புத் தோய்த்தேன். "அம்மா, என்ர படிப்பை வாளிக்குள்ள போட்டிட்டீங்களோ?" என்று சிரிப்பாள்.

முதல்முறை இடம் கிடைக்கவில்லை. அன்று அவள் அறைக்குள் போகவில்லை. குசினிக்கு வந்து என் பக்கத்தில் நின்று வெங்காயம் வெட்டினாள். கண்ணீர் வழிந்தது. "வெங்காயம் அம்மா" என்றாள். "ஓம் பிள்ளை" என்றேன். உண்மையில் அன்றைக்கே என் பிரார்த்தனை பலித்துவிட்டது.

அடுத்த வருடம் திரும்ப விண்ணப்பித்தாள். நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். ஒரு மாலை நான் சோபாவில் நித்திரையாகி எழும்பும்போது அவள் பக்கத்தில் சும்மா இருந்தாள். யன்னலில் பனி விழுந்துகொண்டிருந்தது.

"இடம் கிடைச்சிட்டுது அம்மா."

"ஐயோ, ஏன் என்னை எழுப்பேல்ல?"

"நல்ல செய்திதானே. அது எங்க ஓடப்போகுது?"

ஆரணி இப்போது பல் வைத்தியராக வேலை செய்கிறாள். நான் விரதம் இருந்ததால் அம்பாள் இடம் வாங்கிக் கொடுத்தாள் என்று சொல்ல மாட்டேன். படித்தது பிள்ளை. ஆனால் ஒன்று சொல்வேன். அத்தனை வெள்ளியும் நான் என் பயத்தை அம்பாளுக்கு மட்டும் சொல்லிக்கொண்டு இருந்தேன். அவள் கேட்டுவிட்டு, கடைசி வெள்ளி என்னைக் கத்த வைத்து, அதைப் பிள்ளைக்கும் சொல்ல வைத்தாள். நான் கேட்டது பிள்ளையை. பிள்ளையைத் தந்தாள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு வந்தது.

உங்கள் வீட்டிலும் ஒரு கதவு சாத்திக் கிடந்தால், அம்பாள் தாயிடம் போய் அழுங்கள். அவள் கேட்பாள். அழுது முடிந்ததும் வீட்டுக்குப் போய், அவளிடம் சொன்ன அதே சொல்லைப் பிள்ளையிடமும் சொல்லுங்கள். தனியாகச் சொல்லப் பயமாக இருந்தால், வெள்ளிக்கிழமை பின்னேரம் கோயிலில் விளக்குத் துடைக்கிற இடத்துக்கு வாருங்கள். நான் அங்கேதான் இருப்பேன். முதலில் எனக்குச் சொல்லிப் பழகுங்கள்.