சாரலுக்குப் போன கஞ்சி அண்டா

அந்தப் பிள்ளையைத் தொலைத்தது எங்கள் தர்ம சங்கத்தின் தலைவர்தான். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது.

உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். தென்காசியில் பெண்கள் ஆரம்பப் பள்ளி ஒன்றில் நான் டீச்சர். ஊர்ப் பெரிய மனிதர்கள் நடத்திய தர்ம சங்கம் அங்கே ஏழைப் பிள்ளைகளுக்கு மத்தியானம் கஞ்சி ஊற்றியது. பாதிப் பிள்ளைகள் அதற்காகவே வந்தார்கள். அவர்களில் ஒருத்தி மூன்றாம் வகுப்பில் படித்தாள். அப்பா இல்லை, அம்மா வயல் வேலைக்குப் போகிறவள். பிள்ளைக்கு வாய் அதிகம். தட்டை எட்டிப் பார்த்து, "டீச்சர், இன்னைக்குப் பருக்கை ஒண்ணையொண்ணு தேடிக்கிட்டு அலையுதுல்லா" என்பாள். வரிசையே சிரிக்கும்.

குற்றாலத்தில் சாரல் விழ ஆரம்பித்ததும் அங்கிருக்கும் தலைவரின் பங்களாவில் வெளியூர் விருந்தாளிகள் வந்து இறங்குவார்கள். உடனே எங்கள் கஞ்சி அண்டாக்களையும் சமையல்காரரையும் அங்கே கொண்டுபோய்விடுவார்கள். வருஷா வருஷம் இதே வழக்கம். சாரல் முடியும்வரை கஞ்சி கிடையாது. கேட்டால், "ரெண்டு மாசந்தானே டீச்சர், அதுக்குள்ள பிள்ளையள் செத்தா போயிரும்?" என்பார் தலைவர்.

அந்த வருஷம் காசு கொடுத்தாலும் அரிசி கிடைக்கவில்லை. கஞ்சி நின்றதும் வகுப்பு காலியாகத் தொடங்கியது. அவளையும் காணோம்.

பங்களாவில் இருக்கிறாள் என்று கேள்விப்பட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். பின்கட்டில், எங்கள் அண்டாவுக்குள் பாதி உடம்பை விட்டுக்கொண்டு விளக்கிக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, பள்ளிக்கூடம் வராம இங்கன என்ன செய்யுத?"

"அண்டா இங்கனதான இருக்கு டீச்சர், அதான் நானும் வந்துட்டேன். நெல்லுச் சோறு தாராவ."

கையைப் பிடித்துக் கிளப்பினேன். தலையில் எண்ணெயோடு தலைவர் வந்தார்.

"விடுங்க டீச்சர். இங்கன வந்திருக்க ஒரு குடும்பத்துக்கு இவளைப் பிடிச்சுப்போச்சு. கூட்டிட்டுப் போயி, சோறு போட்டுப் படிக்கவும் வைக்கப் போறாவ. நாம கஞ்சிதான ஊத்துதோம்?"

"எந்த ஊரு அண்ணாச்சி?"

"எல்லாம் நமக்கு வேண்டிய மனுசங்கதான்."

தலையைத் தேய்த்துக்கொண்டே உள்ளே போய்விட்டார். அவள் அம்மாவிடம், தீபாவளிக்கு வந்துவிடுவாள் என்று சொல்லி ஏற்கெனவே சம்மதம் வாங்கியிருந்தார்கள்.

சாரல் முடிந்தது. அண்டாக்கள் வண்டியில் வந்து இறங்கின. தீபாவளியும் போனது. பிள்ளை வரவில்லை. அம்மா தலைவர் வீட்டுக்கு நடையாய் நடந்தாள். "கேட்டுச் சொல்லுதேன்" என்றார். பிறகு, அவர்கள் வேறு ஊருக்குப் போய்விட்டார்கள் என்றார். முதலில் இருந்த ஊரையாவது சொன்னாரா? அதுவும் இல்லை.

சங்கத்தின் ஆண்டு விழா பள்ளிக்கூட முற்றத்தில் நடந்தது. மாலை போட்டுக்கொண்டு தலைவர் பேசினார். ஓர் அநாதைப் பெண்ணுக்குச் சங்கம் வாழ்வு கொடுத்திருக்கிறது என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். கூட்டத்தின் கடைசியில் நின்ற அந்த அம்மா முன்னால் வந்தாள்.

"ஐயா, அவ அநாதை இல்ல. நான் இருக்கேம்லா. எம்பிள்ளை எந்த ஊர்ல இருக்கா, அதை மட்டும் சொல்லுங்க."

முன்வரிசையில் சிலர் சிரித்தார்கள். "கூட்டம் நடக்குதுல்லா, உக்காரு" என்று யாரோ அதட்டினார்கள். அவள் மண்ணில் உட்கார்ந்தாள். தலைவர் விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்தார்.

சங்கம் இன்றும் நடக்கிறது. தலைவரும் அவரேதான். அந்த அம்மா நடவுக்குப் போகும்போது பள்ளிக்கூட வாசலில் நின்று, "தகவல் உண்டா டீச்சர்?" என்கிறாள். அன்றிலிருந்து தர்மம் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு அவள் மண்ணில் உட்கார்ந்ததுதான் ஞாபகம் வருகிறது.

தலைவர் ஐயா, என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சமாதானம் சொல்ல வேண்டாம். இந்த வருஷ விழாவில், அதே மேடையில் ஏறி ஊரே கேட்கும்படி சொல்லுங்கள்: அந்தப் பிள்ளையை எந்த ஊருக்கு, யார் வீட்டுக்கு அனுப்பினீர்கள்?