குழி வெட்டப் போன யூத் குரூப்

சகாயம் அண்ணன் இறந்துவிட்டார். காலையில் கடையைத் திறக்கும்போதே நெஞ்சு வலி... ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே முடிந்துவிட்டதாம். அம்மா போனில் சொன்னார்.

திண்டுக்கல்லில் விதை, பூச்சிமருந்துக் கடை ஒன்றில் சேல்ஸ்மேன். எங்கள் மாதா கோயில் யூத் குரூப்புக்குச் சில வருடம் பொறுப்பாளராக இருந்தார்.

எனக்கும் அவருக்கும் பெரிய நெருக்கமெல்லாம் கிடையாது. அழுகையும் வரவில்லை. கோயம்புத்தூரில் ஆபீஸில் உட்கார்ந்து இதை டைப் செய்துகொண்டிருக்கிறேன்.

அவருக்குப் பேச வராது. ஞாயிறு மத்தியானம் மீட்டிங். பைபிளில் ஒரு பகுதியை வாசித்துவிட்டு, "சரி... யாராச்சும் எதாச்சும் சொல்லுங்கப்பா" என்பார். யாரும் எதுவும் சொல்ல மாட்டோம். ஃபேனைப் பார்ப்போம்.

காலேஜில் சேர்ந்தவர்கள் ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். கடைசியில் ஒரே பெஞ்சில் அடங்குகிற அளவுக்கு ஆனோம்.

"ஆள் சேருங்க, டூர் போடுங்க, மேட்ச் வைங்க" என்று ஃபாதர் அவரை விடாமல் பிடித்தார். கொடைக்கானல் டூரும் போனோம். திரும்பி வந்ததும் பழைய கதைதான்.

அப்போதுதான் சூசை இறந்தார்.

எங்கள் கல்லறையில் குழி வெட்டுகிறவர். அவர் அப்பாவும் அதே வேலைதான். கோயிலுக்குப் பின்னால் இருக்கிற அவர்கள் தெருவிலிருந்து ஒரு பிள்ளைகூட யூத் குரூப்பில் கிடையாது. வரக்கூடாது என்று யாரும் சொன்னதில்லை. வாங்க என்றும் சொன்னதில்லை.

அன்று ஞாயிறு. பூசை முடிந்து கோயில் வாசலில் பெரியவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். சாயங்காலம் அடக்கம், யார் குழி வெட்டுவது?

"அதான் மகன் இருக்கான்ல, அந்தோணி. அவன் வெட்டட்டும்" என்றார் ஒருவர். ரொம்பச் சாதாரணமாக.

சகாயம் அண்ணன் பக்கத்தில் நின்றிருந்தார். "அப்பனுக்கு மகனே குழி வெட்டணுமாண்ணே?"

"வேற யாரு வெட்டுவா? நீயா?"

அண்ணன் எங்கள் பக்கம் திரும்பினார். "ஏப்பா, யாரு வீட்ல கடப்பாரை இருக்கு?"

அவ்வளவுதான்... வேறு விளக்கமெல்லாம் இல்லை.

நல்ல வெயில். மேலாகத் தோண்டியதுமே சுக்கான் பாறை. கடப்பாரையைப் போட்டால் ணங்கென்று எகிறும். பையன்கள் மாற்றி மாற்றி வெட்ட, பெண்கள் நாங்கள் சட்டியில் மண் அள்ளிப் போட்டோம்.

பாதி வேலையில் என் அம்மா வந்துவிட்டார். கூடவே இன்னும் சில அம்மாக்கள்.

"ஏம்ப்பா சகாயம், ஜெபம் படிக்கத்தான புள்ளைகள அனுப்புனோம்? யாரு பாக்குற வேலைய யாரு கையில குடுத்திருக்க?"

அண்ணன் குழிக்குள்ளிருந்தே நிமிர்ந்தார். தலையெல்லாம் மண். "செத்த நேரம்க்கா. முடியப் போகுது."

இரண்டு மூன்று பேரைக் கையைப் பிடித்து இழுத்துப் போனார்கள். அம்மா என் கையையும் பிடித்தார். நான் போகவில்லை.

கொஞ்ச நேரத்தில் அந்தோணி வந்தான். தோளில் மண்வெட்டி. எங்கள் வயதுதான் அவனுக்கும். குழியைப் பார்த்தான், எங்களைப் பார்த்தான்.

"யாருண்ணே உங்கள வெட்டச் சொன்னா?"

"யாரும் சொல்லல. நீ போயி அப்பாகூட இருப்பா."

அவன் போகவில்லை. மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதான். நாங்கள் வெட்டிக்கொண்டே இருந்தோம்.

அடுத்த ஞாயிறு மீட்டிங்கிற்குச் சிலர் வரவில்லை. வீட்டில் விடவில்லை.

சில வாரம் கழித்து அந்தோணி வந்தான். தெருப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு. பெஞ்ச் போதாமல் பாய் விரித்தோம். அன்றைக்கும் அண்ணன், "யாராச்சும் எதாச்சும் சொல்லுங்கப்பா" என்றார். அந்தோணி பேசினான். அவன் அப்பாவைப் பற்றி.

அதற்குப் பிறகு எங்கள் கோயில் பங்கில் யார் இறந்தாலும் யூத் குரூப்தான் குழி வெட்டும். எல்லாத் தெருப் பிள்ளைகளும் சேர்ந்து. ஒரு தடவை என் அம்மாவே தூக்குவாளியில் மோர் கொடுத்தனுப்பினார்.

இன்று அண்ணனுக்கும் அவர்கள்தான் வெட்டுகிறார்கள்.

சூசை இறந்த அந்த வருடமே, கோயில் காரியங்களை முடிவு செய்கிற பங்குப் பேரவையில் பேசி அண்ணனைப் பொறுப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள். காரணம் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பூசை பார்த்துவிட்டுப் போவார்.

போன மாதம் ஊருக்குப் போனபோது பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். கையில் விதைப் பாக்கெட்டுகளோடு ரெட்டியார்சத்திரம் பஸ்ஸுக்கு நின்றிருந்தார்.

"எப்ப வந்த? சாப்டியா?"

என்னவோ கேட்கத் தோன்றியது. "உங்கள மாத்துனதுல வருத்தம் இல்லையாண்ணே?"

"அதுல என்ன இருக்கு? இப்பத்தான் ஞாயித்துக்கெழம மத்தியானம் நல்லாத் தூங்குறேன்." சிரித்துக்கொண்டே பஸ் ஏறிவிட்டார்.

சாயங்காலம் அடக்கம். லீவு கிடைக்கவில்லை, என்னால் போக முடியாது.

நல்லாத் தூங்குங்கண்ணே...