எனக்குக் கோபமே வராது

எங்கள் வீட்டில் அமைதியான பிள்ளை நான்தான் என்று இன்றைக்கும் அடித்துச் சொல்வேன். ஐந்தாம் வகுப்பில் ஜியாமெட்ரி பெட்டியை நான் வீசியது சுவர் மேல்தான், தம்பி மேல் இல்லை. ஒருமுறை இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தபோதுகூட யாரையும் ஒரு வார்த்தை திட்டவில்லை. இதற்கு மேல் ஒரு பிள்ளை எப்படிப் பொறுமையாக இருப்பதாம்?

ஆகவே ஆடி மாதம் எனக்கு வேப்பஞ்சேலை கட்டப் பெரியபாளையம் போகிறோம் என்றபோது, முந்தின வருடம் எனக்கு அம்மை போட்டதற்கான வேண்டுதல் என்றுதான் நினைத்தேன். உடம்பு முழுக்க வேப்பிலையைக் கட்டிக்கொண்டு கோயிலைச் சுற்றுவதென்றால் சும்மாவா? ஆரம்பாக்கத்தில் எங்கள் தெருவில் ஒரு வீடு விடாமல் பெருமையடித்துவிட்டுத்தான் வேனில் ஏறினேன். அப்பா இரும்புக் கம்பெனியில் ஷிப்ட் முடித்து, யூனிபார்ம் பேன்ட்டோடு நேராகக் கோயிலுக்கு வந்து சேர்ந்தார்.

அங்கே அத்தை வேப்பிலைக் கட்டைப் பிரித்துக்கொண்டே, பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஓர் அம்மாளிடம் சொன்னாள்: "இவளுக்குக் கோவம் ரொம்ப ஜாஸ்திமா. அது அடங்கணும்னுதான் வேண்டிக்கினோம்."

எனக்கா? வேப்பிலையைப் பிடுங்கித் தரையில் அடித்தேன். மிதித்தேன். இந்தப் பொய்யை வாபஸ் வாங்கினால்தான் கட்டிக்கொள்வேன் என்று கத்தினேன்.

"எனக்கு எப்பயாவது கோவம் வந்துகீதா? சொல்லுங்க!"

சித்தப்பா போனை நீட்டினார். எல்லாவற்றையும் வீடியோ எடுத்திருந்தார், பாவி மனுஷன். மூன்று முறை போட்டுப் பார்த்தேன். கண்ணை உருட்டிக்கொண்டு, மூக்கு விடைத்து, தலைவிரி கோலமாக ஒரு பெண் எனக்குக் கோபமே வராது என்று கூச்சல் போட்டுக்கொண்டிருந்தாள். போன் சரியில்லை என்று சொல்லிவிட்டேன்.

நான் கடைசிவரை கட்டிக்கொள்ளவில்லை; வேனில் போய் உட்கார்ந்துகொண்டேன். வேண்டுதல் என்ன ஆயிற்று என்று கேட்கவுமில்லை. வீடு திரும்பும்போது அப்பா கையைச் சொறிந்துகொண்டே என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவர் தலைமுடியில் ஒரு வேப்பிலை ஒட்டியிருந்தது. என் பக்கம் நின்று ஒரு வார்த்தை பேசாத மனிதர்தானே என்று அதை எடுத்துவிடாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

போன மாதம் சித்தப்பா அந்த வீடியோவைக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார். கொதித்துப்போய்த்தான் திறந்தேன். என் கூச்சலுக்கு அடியில் அப்பாவின் குரல் கேட்டது.

"வுடுங்க. அது என்னாண்ட இருந்து வந்த கோவம். நானே கட்டிக்கினு சுத்துறேன்."

என் தோளுக்குப் பின்னால் அப்பா சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார். கம்பெனியில் பட்ட தீக்காயம் தெரியுமென்று வீட்டில்கூடச் சட்டையைக் கழற்றாதவர். நான் மிதித்துப் போட்டதிலிருந்து பொறுக்கிப் பொறுக்கி, அந்த யூனிபார்ம் பேன்ட் மேலேயே வேப்பிலையைச் சுற்றிக் கட்டினார்.

அன்றே மூன்று முறை பார்த்த வீடியோதான். என் முகத்தைத் தவிர அதில் வேறெதுவும் எனக்குத் தெரியவில்லை.