தீவுக்கு ஒரு பொட்டலம்

அன்று காலை மூக்கண்டப்பள்ளி நிறுத்தத்தில் எங்கள் கம்பெனி பஸ் வழக்கத்தைவிட அதிக நேரம் நின்றது. ரத்னம்மா அக்கா தாமதமாக வருகிறவர் இல்லை என்பதால் டிரைவரும் ஹாரன் அடிக்காமல் காத்திருந்தார். அப்போது என் போன் அடித்தது. அக்காவின் கணவர் நாராயணப்பா. "சுதா, பஸ்ஸு நிக்க வேணாம்மா, போகச் சொல்லு. எழுப்பினேன், அவ எந்திரிக்கல" என்றார். நான் இறங்கிக்கொண்டேன்.

டிஸ்பாட்ச்சில் அக்காவுடன் நின்றவர்களுக்கு அவர் கைவாகு தெரியும். கப்பலில் வெளிநாடு போகும் கியர்களைப் பெட்டியில் கட்டுவது எங்கள் வேலை. துருப்பிடிக்காமலிருக்க மஞ்சள் தாளில் சுற்றி, மேலே பிளாஸ்டிக் தாளை விறைப்பாக இழுத்துச் சுற்ற வேண்டும். யாராவது அவசரப்பட்டால், "ஏமே, உப்புக் காத்து என்ன நம்ம சூப்பர்வைசரா, பாத்தும் பாக்காத மாதிரி போறதுக்கு?" என்பார். வீட்டில் அவருக்குத் தெலுங்கு. அந்த 'ஏமே' மட்டும் எங்களுக்காகத் தமிழுக்குள் வந்துவிடும்.

இத்தனை வருடம் கப்பலுக்குப் பெட்டி கட்டியவர் கடலைப் பார்த்ததில்லை. மாமியாருக்கு உடம்பு சரியில்லை, பிள்ளைக்குப் பரீட்சை, ஷிப்ட் மாற்றம் என்று ஒவ்வொரு முறையும் ஏதோ ஒன்று குறுக்கே வந்தது. இந்த வருடம் கம்பெனியை மூடும் ஷட்டவுன் விடுமுறைக்கு நாங்கள் நான்கு பெண்கள் அந்தமான் போவதென்று பேசியபோது, "நீங்க வராட்டியும் நான் போவேன். யாரு தடுக்கறாங்கன்னு பாக்கறேன்" என்றார். எதற்கும் விட்டுக்கொடுக்கிறவர் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

புறப்பட ஒரு மாதம் இருக்கும்போதே அவருக்குப் பொறுக்கவில்லை. எங்கள் துணிகளைத் தன் வீட்டுக்குக் கொண்டுவரச் சொன்னார். நாங்கள் டீ குடித்துக்கொண்டு அரட்டையடித்த நேரத்தில் ஒவ்வொருவர் துணியையும் ஒரே கட்டாக அடுக்கி, பிளாஸ்டிக் தாள் சுற்றி, டேப் ஒட்டி முடித்துவிட்டார். தட்டிப் பார்த்தால் பலகை மாதிரி இருந்தது.

"அக்கா, நாம மூணு தீவு போறோம். தினம் குளிச்சு மாத்த வேணாமா? எத்தன தடவ இதப் பிரிச்சுக் கட்டறது?" என்றேன்.

கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். "நம்ம பெட்டிய போய்ச் சேர்ற எடத்துலதான பிரிப்பாங்க? நடுவுல பிரிப்பாங்கன்னு எனக்குத் தோணவேயில்லயே."

வயிறு வலிக்கச் சிரித்தோம். அவரும்தான். பிறகு எல்லாவற்றையும் வெட்டியெடுத்து மறுபடி கட்டினார். தீவுக்கு ஒரு பொட்டலம். முதல் தீவு மேலே, கடைசித் தீவு அடியில். "அடியில இருக்கறதுதான் நல்ல துணி. போட்டோவெல்லாம் அன்னிக்குத்தான்" என்று எங்களிடம் கறாராகச் சொன்னார். அடுத்த வாரமே போய்விட்டார்.

காரியம் முடிந்த அன்று, பயணத்தை விட்டுவிடலாம் என்று நாராயணப்பாவிடம் சொன்னேன். "அவளால நின்னு போச்சுன்னு பேரு வேணாம்மா. போயிட்டு வாங்க" என்றார். வாசல்வரை வந்து, "அவ தீவுக்குன்னு கட்டி வச்ச பெட்டிய மட்டும் நான் இன்னும் பிரிக்கல" என்றார்.

மூன்று பேர் போனோம். முதல் தீவில் பொட்டலத்தை வெட்டினேன். துணி இஸ்திரி மடிப்புக் கலையாமல் இருந்தது. கரையில் நின்றபோது எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. இந்தக் கடல் இத்தனை வருடமும் இங்கேயேதான் கிடந்திருக்கிறது. வீடும் கம்பெனியும் நாங்களும்தான் அவரை அடுத்த லீவு, அடுத்த லீவு என்று நிறுத்தி வைத்திருந்தோம்.

கடைசித் தீவில் மற்ற இருவரும் அக்கா சொன்னபடி நல்ல துணி உடுத்தி வந்தார்கள். நான் கத்தரிக்கோலை எடுத்தேன், வைத்தேன், மறுபடி எடுத்தேன். முடியவில்லை. முந்தின நாள் நனைந்து சரியாகக் காயாத சுடிதாரிலேயே போட்டோவுக்கு நின்றேன்.

அந்தப் பொட்டலம் இப்போது என் பீரோவில் இருக்கிறது. அவர் இழுத்துச் சுற்றிய விறைப்பு இன்னும் தளரவில்லை. உள்ளே இருப்பது என் துணிதான். பிரித்தால் அது மட்டும்தான் இருக்கும்.