தங்கவேலு போர்டெல்லாம் எறங்கு

யூகலிப்டஸ் மரத்திலிருந்து பழைய ஆணியைப் பிடுங்கினால் ஒரு சத்தம் வரும். பல் பிடுங்கும்போது நமக்கு மட்டும் உள்ளே கேட்குமே, அது மாதிரி. போன வாரம் குன்னூரில் ஒரு டீக்கடை வாசலில் நின்று வர்க்கி பிஸ்கட்டை டீயில் நனைத்துக்கொண்டிருந்தபோது அந்தச் சத்தம் கேட்டது. கடப்பாரையோடு வந்த நகராட்சி ஆட்கள் மரத்தில் அறைந்திருந்த போர்டுகளைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். காட்டேஜ் கிடைக்கும், ஹோம்ஸ்டே, இரண்டு பெட்ரூம் வாடகைக்கு என்று எல்லாம் லாரியில் போய் விழுந்தன. ஆணி போன ஓட்டையிலிருந்து தைல வாசனை வந்தது. மற்றவர்களுக்கு அந்த வாசனை பட்டால் சளி பிடித்த ஞாபகம் வரும். எனக்குப் பொறாமை பிடித்த ஞாபகம் வந்தது. வர்க்கியில் பாதி டீக்குள் விழுந்ததைக்கூடக் கவனிக்கவில்லை.

நான் கொஞ்ச காலம் வீட்டு புரோக்கராக இருந்தவன். சிரிக்காதீர்கள். எஸ்டேட்டில் வேலை கேட்டுப் போனேன், கிடைக்கவில்லை. கடை வைக்கக் கையில் ஒன்றுமில்லை. வாய் மட்டும் இருந்தது. வாய் இருப்பவனுக்கு ஏற்ற தொழில் என்று நினைத்து இறங்கிவிட்டேன். ஆனால் அந்த ஊரில் முதல் புரோக்கராக இருந்த தங்கவேலண்ணன் வாயைத் திறக்கவே மாட்டார். கழுத்தில் பழுப்பு மப்ளர், கக்கத்தில் குடை, நடை பாதி, நிற்பது பாதி. அவருக்குப் பதிலாக அவருடைய போர்டுகள் பேசின. மஞ்சள் பெயின்ட் அடித்த தகரம். அதில் கறுப்பில் ‘வீடு வாடகைக்கு’. கீழே ‘தங்கவேலு’. அவ்வளவுதான்.

எங்கள் ஊர் மூடுபனியில் எதிரே வருகிற ஆள் மோதினால்தான் ஆள் என்று தெரியும். அந்தப் பனியிலும் மஞ்சள் மட்டும் லாரி லைட் போல மினுங்கும். எனக்கு இது தெரியாது. கோவையிலிருந்து வெள்ளைத் தகரம் வாங்கி வந்து இளநீலத்தில் அழகழகாக எழுதினேன். பனி இறங்கியதும் என் போர்டு லீவு போட்டுவிடும். வெயில் வந்தால் திரும்ப வேலைக்கு வரும். வெயில் எப்போது வரும் என்பது உங்களுக்குத் தெரியாதா?

பொறாமையை வயிற்றெரிச்சல் என்கிறார்கள். குளிர்ப் பிரதேசத்தில் அதில் ஒரு சௌகரியம் உண்டு. ஸ்வெட்டர் செலவு குறையும்.

தங்கவேலண்ணனுக்கு ஒரு வழக்கம். வீட்டுக்கு ஆள் குடி வந்த பிறகும் போர்டைக் கழற்ற மாட்டார். விளம்பரமாகத் தொங்கட்டும் என்று விட்டுவிடுவார். அந்த வீட்டில் குழந்தை பிறந்து, பேர் வைத்து, அது பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருக்கும். வாசலில் ‘வாடகைக்கு’ தொங்கும். பார்க்கிறவர்கள் உள்ளே நுழைந்து சமையலறையை எட்டிப் பார்ப்பார்கள். ஒரு பேங்க் அதிகாரி குளித்துக்கொண்டிருக்கும்போது யாரோ பாத்ரூம் கதவைத் தட்டி, “ஏனுங்க, சுடுதண்ணி வருதுங்களா?” என்று கேட்டிருக்கிறார்கள். “வந்துட்டுத்தானுங்க இருக்குது, நான் ஊத்தி முடிச்சுக்கறேன்” என்று சொல்லிவிட்டு, மனிதர் தலையைத் துவட்டிக்கொண்டே நகராட்சிக்கு மனு எழுதினார் என்பது ஊர்ப் பேச்சு.

அந்த மனுவாலோ என்னவோ, நகராட்சி விதி ஒன்று வந்தது. வீட்டுக்கு ஒரு போர்டுதான். மதிலுக்கு உள்ளே இருக்க வேண்டும், மரத்தில் அறையக் கூடாது. ஆள் குடி வந்ததும் கழற்றிவிட வேண்டும். அறிவிப்புப் பலகை முன்னால் நின்று நிதானமாக வாசித்தேன். ஒவ்வொரு வரியும் தங்கவேலண்ணனுக்கென்றே எழுதின மாதிரி இனித்தது. அவர் ஊர் முழுக்கக் குடையோடு அலைந்து போர்டு கழற்றினார். நான் ஒன்றும் கழற்றவில்லை. என் போர்டைப் பார்த்து யாரும் எங்கேயும் குடி வரவில்லை, அதனால் கழற்ற ஒன்றுமில்லை என்பது அப்புறம்தான் உறைத்தது.

இருக்கட்டும், எனக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு வளைவு. மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறுகிற ஒவ்வொரு பஸ்ஸும் மூச்சு வாங்கி நின்று திரும்புகிற இடம். அங்கே சரோஜா சிஸ்டர் வீடு. எஸ்டேட் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். பின்பக்க அறையில் தான் இருந்துகொண்டு முன்பக்கத்தை வாடகைக்கு விட்டிருந்தார். அங்கே தங்கவேலண்ணன் போர்டு எத்தனையோ வருஷம் தொங்கியதில் அந்த ஸ்டாப்புக்கே அவர் பெயர் ஒட்டிக்கொண்டது. “தங்கவேலு போர்டெல்லாம் எறங்கு!” என்று கண்டக்டர் கூவுவார். எம்.எல்.ஏ.வுக்குக் கிடைக்காத மரியாதை. அந்தக் கூவல் கேட்கும்போதெல்லாம் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடிப்பேன்.

விதியால் அந்தப் போர்டும் இறங்கியது. அடுத்து, முன்பக்கம் குடியிருந்தவருக்கு மாற்றல் வந்தது. வீடு காலி. ஓடினேன்.

“ஏண்டா, ஊசி போடறதுக்கு முன்னாலயே அழுத பயதானே நீயி?” என்றார் சிஸ்டர். “சரி, உன்ற போர்டையே மாட்டு. ஆனா சுருக்கா ஆளைப் புடி. முட்டி ரண்டும் ஐஸு கட்டிக் கெடக்குது. உறைபனி உழுகறதுக்குள்ள நான் கோயமுத்தூருக்கு மக ஊட்டுக்குப் போகோணும். காலி ஊட்டைப் போட்டுட்டுப் போனா கொரங்கு குடிவந்துரும்.”

இந்தத் தடவை மஞ்சள் அடித்தேன். அவர் மஞ்சளைவிட ஒரு படி மஞ்சள். என் பெயர் பெரிதாக, ‘வீடு வாடகைக்கு’ என்பது ஓரமாக, கூச்சத்தோடு. மாட்டிவிட்டு அடுத்த நாளே இரண்டு ஸ்டாப் கீழே போய் பஸ் ஏறினேன். என் பெயரை என் காதால் கேட்க வேண்டும், அதற்குத்தான்.

“தங்கவேலு போர்டெல்லாம் எறங்கு!”

“அண்ணா, அந்தப் போர்டு கழட்டியாச்சுங்க. இப்ப வேற பேரு” என்றேன்.

“அப்பிடியா? ஆரு பேரு?”

“என்ற பேருதானுங்க.”

“சந்தோசமுங்க. அது எந்த எடத்துல?”

“தங்கவேலு போர்டு இருந்த எடத்துலீங்க.”

பஸ்ஸே சிரித்தது. டிரைவர்கூடத் திரும்பிப் பார்த்தார், அதுவும் அந்த வளைவில்.

அப்போதுதான் எனக்குள் அந்தக் கிறுக்கு ஏறியது. கண்டக்டர் என் பெயரைச் சொல்கிற வரை போர்டு தொங்க வேண்டும். ஆள் வந்தால் விதிப்படி கழற்ற வேண்டும். ஆகவே ஆள் வரக் கூடாது. உலகத்திலேயே தான் காட்டுகிற வீடு வாடகைக்குப் போகக் கூடாது என்று மாரியம்மனிடம் வேண்டிக்கொண்ட புரோக்கர் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். ஒரு வாத்தியார் மனைவியோடு வந்தார். “காட்டெருமை வருமுங்களா?” என்றார். “வருமுங்க, குடும்பத்தோட வரும்” என்றேன். அடுத்தவர் தண்ணீர் வசதி கேட்டார். “மழை பேஞ்சா கட்டில் வரைக்கும் வருமுங்க” என்றேன்.

பின்பக்க ஜன்னலிலிருந்து சிஸ்டர் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். “நீ ஊட்டைக் காட்டறயா, போர்டைக் காட்டறயா?”

“நல்ல பார்ட்டி வருமுங்க சிஸ்டர். கொஞ்சம் பொறுங்க.”

“நான் பொறுத்துக்குவேன். இந்த முட்டி பொறுக்குமா?” என்று தைலத்தைத் தேய்த்துக்கொண்டார். எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் மறுநாளும் பஸ் ஏறினேன். மறுநாளும் தங்கவேலு போர்டுதான்.

புல்லில் முதல் வெள்ளை படிந்த காலை. நான் போனபோது சிஸ்டர் வாசலில் மூட்டை கட்டி, வெந்நீர்ப் பையை மடியில் வைத்துக்கொண்டு டாக்ஸிக்குக் காத்திருந்தார். உள்ளே கிளென்மார்கனிலிருந்து மாறி வந்த மின்வாரியக் குடும்பம் ஒன்று பால் காய்ச்சிக்கொண்டிருந்தது. கூட்டி வந்தது யாரென்று கேட்கத் தேவையில்லை. தங்கவேலண்ணன் ஸ்டூல் மேல் ஏறி என் போர்டை ஸ்க்ரூடிரைவரால் கழற்றிக்கொண்டிருந்தார். இறங்கி, பனி ஈரத்தை மப்ளரால் துடைத்து, இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினார்.

“ஆளு வந்துட்டா கழட்டிப் போடோணுமில்லீங் தம்பி. ரூல்ஸு.”

நான் வாங்கிக்கொண்டேன். அவர் வாழ்நாளில் பேசிய இரண்டாவது வாக்கியமும் எனக்குத்தான் வாய்த்தது. “மஞ்சள் நல்லா எடுப்பா இருக்குதுங்க. நமக்குத் தோணாமப் போச்சு.”

கிண்டலா, பாராட்டா? இன்றுவரை தெரியவில்லை. கிண்டல் என்றால் திட்டியிருப்பேன். பாராட்டு என்றால் இன்னும் கொஞ்சம் பொறாமைப்பட்டிருப்பேன். இரண்டுக்கும் வழியில்லாமல் தகரத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சிஸ்டரை டாக்ஸியில் ஏற்றிவிட்டேன். “உனக்குப் போட்ட ஊசிய அந்தாளுக்கே போட்டிருக்கலாம், ஆடாம அசையாம நிப்பான்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

இப்போது நான் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். அடுத்தவனைப் பார்த்து அப்படியே அடிப்பது, எனக்கென்றே வாய்த்த தொழில். வீடுகள் போனுக்குள் போய்விட்டன. படத்தில் பனியே இருப்பதில்லை, எல்லா வீட்டிலும் வெயில் அடிக்கிறது. சிஸ்டர் வீட்டை யாரோ வாங்கிக் கண்ணாடி போட்டு காபி ஷாப் ஆக்கிவிட்டார்கள். தங்கவேலண்ணன் காலமாகிச் சில வருஷம் ஆகிறது.

போன வாரம் அந்த டீயைக் குடித்துவிட்டுப் பர்லியார் வரை ஒரு வேலையாகப் போய்த் திரும்புகையில், வளைவில் பஸ் மூச்சு வாங்கி நின்றது. புதுக் கண்டக்டர், மீசை இன்னும் சரியாக அரும்பவில்லை.

“காபி ஷாப்பெல்லாம் எறங்கு!”

என் வாய் என்னைக் கேட்காமலே திறந்தது. “தம்பி, இது தங்கவேலு போர்டு.”

“அது ஆருங்க?” என்றான் அவன்.

சொல்ல ஆரம்பிப்பதற்குள் விசில் அடித்துவிட்டான். அடுத்த ஸ்டாப் வரைக்கும் எனக்கு வயிறு எரிந்தது. அவரையாவது யாரென்று கேட்க ஒருத்தன் இருந்தானே.