ரெண்டு வால்வும் ஒரு ஞாயித்துக்கெழமையும்

வால்வு செட்டு ரிப்பேர்ங்கறது, தூங்கிட்டிருக்கற நாயோட பல்ல வெளக்கி உடற வேலைங்க. டிவி, யூபிஎஸ்னு எதையாச்சும் நோண்டி ஷாக் வாங்குன பாவப்பட்ட ஜென்மமா நீங்க? அப்ப இது உங்களுக்குத்தான்.

செல்போன் இருக்குதுங்களே

பாலிடெக்னிக்க பாதில உட்டுட்டு, திருப்பூர்ல செல்வண்ணனோட எலெக்ட்ரானிக்ஸ் கடைல வேலைக்கு உக்காந்திருந்த காலம். ஊரே அப்பத்தான் கையில செல்போனோட திரிய ஆரம்பிச்சிருந்துச்சு. தாசன் சார்னு ஒருத்தரு, தூத்துக்குடிக்காரரு, பனியன் கம்பெனில ஸ்டோர்ஸ் பாக்கறவரு, ஆட்டோல ஒரு இரும்புப் பொட்டியக் கொண்டாந்து எறக்குனாரு. லைசென்ஸ் வாங்கி ரேடியோல பேசற ஹாம் ஆளு அவரு. பொட்டி அவரோட பழைய டிரான்ஸ்மிட்டரு, ரிப்பேராகி ஓடாமக் கெடந்தது. தந்தியாட்டம் கட்டுக்கடான்னு அடிச்சா எங்கயோ இருக்கற இன்னொரு ஹாமுக்குக் கேக்கும்.

நாகர்கோவில்ல இருக்கற அவரோட ஹாம் கூட்டாளிக்கு தொண்டைல ஆபரேசன் ஆகி கொரலே போயிருச்சாம். வர்ற ஞாயித்துக்கெழம காலைல ஒம்பது மணிக்கு அவரு காதுல ஹெட்போன மாட்டிட்டு காத்திருப்பாராம். "எஸ்எம்எஸ் அனுப்பலாமுங்களே சார்"னேன்.

"ஆஸ்பத்திரில இருந்து வந்ததுல இருந்து அவன் பேனாவக்கூட தொடலடே. இந்தச் சத்தம் கேட்டாத்தான் கைய அசைப்பான்."

ஒத்தக் கை

பிளக்கப் புடுங்கிட்டுத்தானுங்க கைய உள்ள உட்டேன். கெப்பாசிட்டரு கரண்டப் பதுக்கி வெச்சிருந்தது எனக்கெப்படித் தெரியும்? ஸ்க்ரூடிரைவர் பறந்து எதுத்த கடை டெய்லர் மடில உழுந்துச்சு. நான் ஸ்டூலுக்குப் பின்னாடி உழுந்தேன். அதுக்கப்பறம் பொட்டியப் பாத்தாலே வேர்க்கும். ரெண்டு கையும் உள்ள போனா கரண்டு நெஞ்சு வழியாப் போகும், ஒண்ணு வெளியவே இருக்கோணும்னு செல்வண்ணன் சொல்லிக் குடுத்தாரு. அவரு சொன்ன லட்சணத்தக் கேளுங்க:

"ஒரு கைய பாக்கெட்ல போட்டுக்க கண்ணு. போய்ச் சேந்தாலும் போட்டோவுக்கு நல்லாருக்கும்."

ஜூஸ் கடை பிரிட்ஜு

நம்மூர்ல எதத் தொடைக்கறதுன்னாலும் பனியன் வேஸ்ட் துணிதானுங்க. ஸ்கூட்டரு, டிபன் பாக்ஸு, மூக்கு, எல்லாத்துக்கும். வெள்ளிக்கெழம, பல்பாட்டம் இருக்கற ரெண்டு வால்வையும் கழட்டி பனியன் வேஸ்ட்ல பளபளன்னு தொடச்சேன். கண்ணாடி மேல இருந்த நம்பரும் சேந்து போயிருச்சு. ரெண்டும் ஒரே சைசு. மாத்திச் சொருகுனா ரெண்டும் காலி, வேற வால்வு ஊருக்குள்ளயே இல்ல.

செல்வண்ணன் தலைல அடிச்சுக்கிட்டு, குளுர வெச்சா அழிஞ்ச எழுத்து பனில மங்கலாத் தெரியும்னாரு. பக்கத்து ஜூஸ் கடை பிரிட்ஜுல ரெண்டையும் சாத்துக்குடிக்கு நடுவுல படுக்க வெச்சுட்டு நகத்தக் கடிச்சிட்டு நின்னேன். எடுத்துப் பாத்தா, நம்பரு லேசாத் தெரிஞ்சுச்சுங்க. கடைக்காரரு மொகத்துல ஒரு சிரிப்பில்ல:

"ஏனுங்க, பல்ப அப்படியே குடுத்தர்றதுங்களா, ஸ்ட்ரா போட்டுத் தரட்டுங்களா?"

முயலுக்கு மூணு காது

ஞாயித்துக்கெழம சார் ஊட்டு மாடில ஒயரு கட்டி, செட்ட ஆன் பண்ணுனோம். வால்வு ரெண்டும் செவந்துச்சு. சார் அடிச்சாரு. பதில் இல்ல. மறுக்கா அடிச்சாரு. இல்ல. ஒம்பதே கால் ஆச்சு. தப்பு என் வேலைலதானோன்னு வால்வையே பாத்துட்டு நின்னேன். அப்பப் பாத்து கீழ இருக்கற கம்ப்யூட்டர் எம்பிராய்டரி யூனிட்டு மாஸ்டர் படியேறி வந்தாரு. கையில ஒரு கொழந்த டீ-சர்ட்டு, அதுல முயலுக்கு மூணு காது. நாங்க அடிக்க அடிக்க மெஷினு தடுமாறுதாம், நாளைக்கு ஷிப்மென்ட்டாம். சார் அடிக்கறத நிறுத்திக் கைய எடுத்துட்டாரு.

அந்நேரம் ரிசீவர்ல டிடிடிடி... டிடின்னுச்சு. மறுக்கா அதே. சார் கண்ணாடியக் கழட்டிட்டாரு. என்னங்க சொல்றாருன்னு மாஸ்டர் கேட்டாரு. "சிரிக்கான். எங்க ஆளுகளுக்கு இப்படி அடிச்சா சிரிப்பு"ன்னாரு சார். மாஸ்டர் டீ-சர்ட்ட மடிச்சு கக்கத்துல வெச்சுக்கிட்டாரு.

"அப்ப நீங்க பதில் சொல்லுங்க சாமி. நான் மெஷின அணைச்சுட்டு பசங்கள டீக்கு உடறனுங்க."

மொத்தத்துல, கொரலு போன ஒருத்தரச் சிரிக்க வெக்கறதுக்கு, வாய மூடத் தெரியாத நான் ஒரு வாரம் வாயடச்சு நடுங்க வேண்டியதாப் போச்சுங்க.