ஒட்டுவதா, மாற்றுவதா

அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டில் டயர் பேச்சுதான். ஏற்காட்டு மலையில் மஞ்சக்குட்டைக்குப் பக்கத்து எஸ்டேட் பாதையில் கூரான கல் ஒன்று எங்கள் பழைய காரின் முன்பக்க டயரைப் பக்கவாட்டில் கிழித்துவிட்டது. என் கணவர் டிக்கியிலிருந்த ஸ்டெப்னியை எடுத்து மாட்டினார். கிழிந்ததை அதே டிக்கியில் போட்டு வைத்தார். ஸ்டெப்னியோ தேய்ந்து வழுவழுவென்று கிடந்த டயர். எனக்கு அப்போது ஒன்பதாம் மாதம்.

"புதுசு ஒண்ணு வாங்கிப் போட்டுருங்க" என்று தினமும் சொன்னேன்.

"சின்னக் கிழிசல்தான் கண்ணு. ஒட்டிப் பாப்போம்" என்பார் அவர்.

அவர் காப்பி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர். பழம் பறிக்கும் காலம். விடிந்ததும் ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கப் போனால், பொழுது சாய்ந்துதான் திரும்புவார். கடைசியில் ஒட்டவும் இல்லை, மாற்றவும் இல்லை.

சேலத்தில் டாக்டரைப் பார்க்கப் போக வேண்டிய நாள் வந்தது. அன்று கண் விழித்ததிலிருந்து வயிற்றில் அசைவே இல்லை. வழக்கமாக நான் காப்பி குடித்ததும் குழந்தை ஒரு புரளு புரளும். அன்று இல்லை. இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்துப் பார்த்தேன். சர்க்கரைத் தண்ணீர் குடித்தேன். வயிற்றைத் தட்டினேன். கல்லைப் போல் கிடந்தது.

அவரிடம் சொல்லவில்லை. நான்காம் மாதத்தில் ஒருமுறை நான் மயங்கி விழுந்தபோது, என்னைக் காரில் ஏற்றிவிட்டுப் பதற்றத்தில் ரிவர்ஸ் எடுத்து எஸ்டேட் கேட்டில் மோதியவர் அவர். இன்று எப்படியும் டாக்டரிடம்தானே போகிறோம் என்று நினைத்துக்கொண்டேன். பையை எடுத்துக்கொண்டு அவருக்கு முன்னால் போய்க் காரில் உட்கார்ந்துவிட்டேன்.

ஏற்காடு ஊருக்குள் நுழைவதற்கு முன்பே ஸ்டீரிங் ஒரு பக்கமாக இழுத்தது. அவர் இறங்கிப் பார்த்தார். ஸ்டெப்னியிலும் காற்று இறங்கியிருந்தது. நல்லவேளையாக பஞ்சர் கடை பக்கத்திலேயே இருந்தது. மெதுவாக உருட்டியபடியே கொண்டுபோய் நிறுத்தினார்.

கடைக்காரர் இரண்டு டயரையும் கழற்றிப் போட்டுப் பார்த்தார். "ஸ்டெப்னியில ஆணிங்க. ஒட்டிரலாம். ஆனா டயரு மொட்டையாட்டம் இருக்குது. இன்னொண்ணு சைடுல கிழிஞ்சிருக்குது, அதுல ஒட்டு நிக்காதுங்க."

"புது டயர் இருக்குதுங்களா?"

"இந்த சைஸ் இங்க இல்லீங்க. சேலத்துக்கு போன் போட்டா பஸ்ஸுல ஏத்தி உடுவாங்க. மத்தியானம் வந்துரும்."

என் கணவர் சாலையைப் பார்த்தார். தூறல் விழுந்துகொண்டிருந்தது. பனிமூட்டத்தில் எதிர்ப்பக்க மரங்கள் பாதிதான் தெரிந்தன. "அப்ப புதுசே வரட்டுங்க. இந்த மழையில மொட்டை டயர்ல மலை எறங்கறது சரியா வராது" என்றார்.

எனக்கு உட்கார முடியவில்லை. கடைக்காரர் போட்ட ஸ்டூலிலிருந்து எழுந்தேன், நடந்தேன், மறுபடி உட்கார்ந்தேன். முந்தானைக்குள் கையை விட்டு வயிற்றை அழுத்திக்கொண்டே இருந்தேன்.

"ஏனுங்க, ஒட்டச் சொல்லுங்க. போயிரலாம்."

"ஒரு வாரமா புதுசு புதுசுன்னு சொன்னது நீதானே? இப்ப வாங்கறேங்கறப்ப ஒட்டச் சொல்றியே?"

"அது அப்ப."

"மத்தியானம் வரைக்கும் பொறுக்க முடியாதா? டாக்டரம்மா சாயந்தரமும்தான் இருப்பாங்க."

அவர் சொன்னதில் தப்பே இல்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக வந்தது. கடைக்காரர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஏதாவது ஒன்றை முடிவாகச் சொல்லுங்கள் என்பதுபோல் ஸ்பானரால் தரையைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"கொழந்தை காத்தாலயிருந்து அசையலீங்க" என்றேன்.

அவர் கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. நேராக வந்து, கடைக்காரர் முன்னாலேயே என் வயிற்றில் கையை வைத்தார். கை குளிர்ந்திருந்தது. பிறகு போனை எடுத்துத் தெரிந்த டாக்ஸிக்காரர்களைக் கூப்பிட்டார். எல்லோரும் சுற்றுலா வந்தவர்களை ஏற்றிக்கொண்டு போயிருந்தார்கள். பஸ்ஸும் அப்போதுதான் எங்களைக் கடந்து போயிருந்தது.

"ஒட்டுங்க" என்றார் கடைக்காரரிடம்.

கடைக்காரர் அதற்குள் ஆணியைப் பிடுங்கியிருந்தார். ஒட்டுத்திரியை ஓட்டைக்குள் அழுத்திச் செருகி, காற்றடித்து, சோப்புத் தண்ணீரை ஊற்றிக் குமிழி வருகிறதா என்று பார்த்தார். "நிக்குதுங்க. கியர்லயே எறங்குங்க. அம்மணி, நீங்க தைரியமா போங்க."

மலை இறங்கினோம். இரண்டாவது கியரில் கார் முனகிக்கொண்டே போனது. பின்னால் வந்த வண்டிகள் ஹாரன் அடித்து முந்தின. வேகமாகப் போகச் சொல்ல வாயெடுப்பேன், அடுத்த வளைவைப் பார்த்ததும் அடங்கிவிடுவேன். கதவுக் கைப்பிடியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் வயிற்றைத் தடவிக்கொண்டே இருந்தேன். ஒரு வளைவில் முன்சக்கரம் வழுக்கியது. கார் நினைத்த பக்கம் திரும்பாமல் தடுப்புச் சுவரை நோக்கி நழுவி, ஒரு முழம் தள்ளி நின்றது. சுவர் மேல் உட்கார்ந்திருந்த குரங்குகள் சிதறி ஓடின. அவர் பின்னுக்கு எடுத்து, மறுபடி இறங்கினார்.

பனி விலகி, வெயில் எட்டிப்பார்க்கும் கீழ்வளைவுகளுக்கு வந்திருப்போம். விலா எலும்புக்குக் கீழே ஏதோ மெதுவாகப் புரண்டது. என் பயம்தான் புரள்கிறதோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டேன். மறுபடியும் ஒரு தள்ளு.

"ஏனுங்க, அசையுது."

அவர் காரை ஓரங்கட்டி ஸ்டீரிங் மேல் தலையைச் சாய்த்துவிட்டார். தோள் குலுங்கியது.

"நிறுத்தாதீங்க, போங்க" என்றேன். எனக்கு அந்த இரண்டு தள்ளு போதவில்லை. ஆஸ்பத்திரி வரைக்கும் அடுத்ததற்காகக் காத்துக்கொண்டே வந்தேன், அது வரவில்லை.

டாக்டரம்மா வயிற்றில் கருவியை வைத்ததும் குதிரை ஓடுவதுபோல் துடிப்பு கேட்டது. பனிக்குட நீர் குறைந்துவிட்டது, இனிக் காத்திருக்கக் கூடாது என்று அன்று பிற்பகலே ஆபரேஷன் செய்தார்கள். பெண் குழந்தை. எடை கொஞ்சம் கம்மி, அழுகைக்கு மட்டும் குறைவில்லை.

மறுநாள் என் கட்டில் அருகே உட்கார்ந்து குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தவர் திடீரென்று கேட்டார்.

"காத்தாலயே எங்கிட்டச் சொல்லியிருக்கலாமில்ல?"

"சொல்லியிருந்தா நீங்க நிதானமா வண்டி ஓட்டியிருப்பீங்களா?"

யோசித்தார். "ஓட்டியிருக்க மாட்டேன்" என்றார். "ஆனா ஒரு வாரம் முன்னாலயே டயர மாத்தியிருக்கணும்னு இப்பத் தோணுது. ராத்திரி பூரா அதுதான் தோணுச்சு."

குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று நான் குனிந்து பார்த்தேன். நான் நிமிர்ந்ததும் அவர் குனிந்து பார்த்தார்.